கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா

எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. திறக்கவும் மூடவும் தெரியும். மற்றதெல்லாம் மெக்கானிக் தம்பி சொல்லிக்கொடுத்ததுதான்.

பக்கவாதத்தில் என் கணவருக்குக் கை, கால், பேச்சு எல்லாம் போய்விட்டன. உணர்ச்சி போகவில்லை. கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா வைத்தோம். திரையில் அவர் கண் எந்த எழுத்தில் நிற்கிறதோ அதை அது பிடித்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் சேர்த்து வாசிக்கும்.

"தலகாணி சரியில்ல. உனக்கு எதுவுமே கைவராது."

நன்றாக இருந்த காலத்தில் இதையே கத்திச் சொல்வார். இயந்திரக் குரலில் கோபம் இல்லை. அதனால் உண்மை மாதிரிக் கேட்டது.

ஒருநாள் கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆகி, கேமரா நின்றுவிட்டது. அன்று அவருக்குச் சோறு ஊட்டும்போது வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"கேமராவை இயக்குற டிரைவர் சாஃப்ட்வேர் சொதப்பிடுச்சுக்கா. கம்பெனி சரிபண்ணி வேற அனுப்பும். அதுவா ஏறிக்கும்."

"அதுவா ஏறாம இருக்க என்ன செய்யணும்?"

சிரித்தான். "ஒரு தடவைக்கே பயந்துட்டீங்களாக்கா?"

எங்கே போய், எதில் 'வேண்டாம்' என்று கொடுக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொன்னான். காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதேதான் செய்தேன். எதையும் மறைக்கவில்லை.

நாத்தனார் வரும்போதெல்லாம் கேட்பாள். "இன்னுமா சரியாகல, அண்ணி?"

"கம்பெனிக்காரன் மனசு வைக்கணுமே" என்பேன்.

அவர் கண்ணை வலது பக்கமாக உருட்டி உருட்டிக் காட்டுவார். ஜன்னலைச் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டு போய்ச் சாத்துவேன். மறுபடி உருட்டினால் திறப்பேன்.

வலது இடுப்பில் புண் எலும்புவரை போயிருந்ததை நாத்தனார்தான் கண்டுபிடித்தாள்.

"இவ்வளவு நாளா அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லலை" என்றேன். அது பொய்யில்லை. உடம்பு துடைக்கும்போது நானும் பார்த்தேன், முதலில் ஒரு சிவப்பாக, பிறகு ஒரு பள்ளமாக. எனக்குத்தான் எதுவும் கைவராதே. அவரே வாய்திறந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

கேமரா சரியாகாமல் தடுத்தது நான்தான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில், அந்தப் பதினொரு மாதம்தான் அவர் என்னை ஒரு குறையும் சொல்லவில்லை.