கிளேர் பிறந்த வருஷத்து ஒயின்

ஃபில்டரில் டிகாஷன் இறங்கும்போது அவசரப்படுத்தக்கூடாது, சார். தட்டினால் வண்டலும் சேர்ந்து இறங்கிவிடும். ஆனால் அன்று சாயங்காலம் நான் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். கீழே கார் வந்து நின்றுவிட்டது. மாடிப்படியில் கார்னியேயின் பூட்ஸ் சத்தம். ஃபில்டரில் இறங்கிக்கொண்டிருந்தது டிகாஷன் இல்லை.

ஒயின். கடைசி பாட்டில் நிரம்ப இன்னும் நாலு விரற்கடை பாக்கி.

"ஷ்யாமளா, ஒரு நாள் முன்னாடியே வந்துட்டார்டி" என்றார் என் கணவர் சேதுமாதவன். முகத்தில் ரத்தமே இல்லை.

"வந்தா என்ன? மோர் குடுங்கோ. செடியெல்லாம் பிழைச்சிருக்குன்னு சொல்லிண்டிருங்கோ."

நேற்று இவர் உங்கள் ஆபீசுக்கு வந்து, ஏசியை அணைத்ததும் தான்தான், பாட்டில்களில் வேறு எதையோ ஊற்றியதும் தான்தான் என்று சொல்லிவிட்டாராம். இதை நீங்கள் கார்னியேயிடம் சொன்னால் இவருக்கு வேலை போகும், விசா போகும், மஸ்கட் ரூவியில் இந்த வீடும் போகும். அட்மின் ஆபீசர் பன்னீர்செல்வம் நியாயஸ்தர், முடிவெடுக்கும் முன் வீட்டுக்கு வந்து விசாரிப்பார் என்று நினைத்தேன். வந்துவிட்டீர்கள். காபி எடுத்துக்கொள்ளுங்கள்.

இவருக்கு மேலதிகாரியானாலும் கார்னியே நல்ல மனிதர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரான்சில் வால்மோரே என்று ஒரு கிராமம், ஊரே திராட்சைத் தோட்டம். வியாழக்கிழமை தோறும் எங்களைத் தன் வில்லாவுக்குக் கூப்பிட்டு அந்த ஊர்க்கதை சொல்வார். அறுவடையின் கடைசி வண்டிக்குப் பூ ஜோடிப்பார்களாம். திராட்சைக்காரர்களுக்கென்று வின்சென்ட் என்ற புனிதர் இருக்கிறாராம். அவர் சிலை வருஷத்துக்கு ஒரு வீடாகத் தங்குமாம். பெண் குழந்தை பிறந்தால் அந்த வருஷத்து ஒயினை எடுத்து வைத்து, அவள் கல்யாணத்தன்றுதான் திறப்பார்களாம். கார்னியேயின் பெண் கிளேர் பிறந்தது ஐம்பத்தைந்தில். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நிலவறை அண்ணனுக்கும் பன்னிரண்டு பாட்டில் கார்னியேக்கும் வந்தன. மஸ்கட் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு தனி அறையில் ராப்பகலாக ஏசி போட்டு வைத்திருந்தார். காவலுக்குப் புனிதரின் சின்ன மரச்சிலை ஒன்று.

"ஒயின் தூங்கும் குழந்தை, மேடம்" என்பார். எங்கள் வீட்டில் குழந்தைகளே விசிறிக் காற்றில்தான் தூங்கின. எனக்குச் சட்டென்று கோபம் வராது.

போன ஜூலையில் லீவில் போகும்போது சாவியை எங்களிடம் கொடுத்தார். செடிக்குத் தண்ணீர், அந்த அறைக்கு ஏசி. இரண்டே வேலை. செடிகள் வெளியே இருந்ததால் முதல் நாளுக்குப் பிறகு உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. அவர் திரும்ப மூன்று வாரம் இருக்கும்போது இவர் அறையைத் திறந்தார். எரியும் சூளையைத் திறந்த மாதிரி அனல். தக்கைகள் பாதி வெளியே வந்து, அரக்கு உருகி வழிந்து, அறை முழுக்கக் காடி நெடி.

"நான்தான் அணைச்சேனாடி?"

"வேற யார்? ஆளில்லாத ரூம்ல லைட் எரிஞ்சாலே உங்களுக்குப் பொறுக்காது. பழக்க தோஷம்."

அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டார்.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. வேண்டிய சாமான் எல்லாம் கௌஸ் முகைதீன் கடையில் கிடைத்தது. கீழக்கரைக்காரர், கண்ணில் எதுவும் தப்பாது.

"ஐயர் வூட்டுக்கு முட்டையாம்மா?"

"தலைக்குத் தேய்க்க, பாய்."

"ஒரு டஜனா? வூட்ல எத்தனை தலை?" ஜூஸ் டின்களையும் ஈஸ்ட்டையும் பார்த்தார். "இது ரெண்டையும் சேத்து வாங்குறது கேம்ப்ல உள்ள வெள்ளைக்காரன் மட்டுந்தாம்மா. நான் ஒண்ணும் பாக்கலை. கலாஸ், முடிஞ்சு போச்சு."

ஜூஸைப் புளிக்க வைத்து, முட்டை வெள்ளைக்கருவால் தெளியவைத்தேன். கார்னியே வியாழக்கிழமைகளில் சொன்னதைத்தான் செய்தேன். நாக்கு ஒட்ட வேண்டும் என்றார். மாதுளம் தோல் போட்டேன். மண் வாசம் வேண்டும் என்றார். பீட்ரூட்டைக் கழுவாமல் போட்டேன். பழைய ஒயினில் பதப்படுத்திய தோல் வாசம் வருமாம். இவருடைய கைக்கடிகாரத்தின் பழைய தோல் பட்டையை ஊறவைத்தேன். ஒன்பது வருஷ வியர்வை அதில் இருந்தது. காடியாகிப் போனதில் வாசனைக்கு ஒரு கரண்டி. மிச்சத்தை வீணாக்கவில்லை. பாத்ரூம் டைல்ஸ் நன்றாக வெளுத்தது. பார்சலுக்கு வைக்கும் சிவப்பு அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன்.

அன்று கார்னியே மோர் குடித்து முடிப்பதற்குள் கடைசி பாட்டில் தயார். காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு நானும் வில்லாவுக்குக் கிளம்பினேன். இவர் தோட்டத்தில் செடி காட்டிக்கொண்டிருந்தபோது அதன் இடத்தில் வைத்துவிட்டேன். அவசரத்தில் ஒரே ஒரு தவறு. சிலையைப் பார்த்ததும் பழக்கத்தில் நெற்றிக்குக் குங்குமம் வைத்துவிட்டேன். கார்னியே அதையே பார்த்தார்.

"எங்கள் ஊரில் சாமியை வெறும் நெற்றியோடு விடமாட்டோம்" என்றேன். மனிதர் கண் கலங்கிவிட்டார்.

அக்டோபரில் வால்மோரேயில் கல்யாணம். வழக்கப்படி ஊரின் மூத்த திராட்சைக்காரர் முதல் வாய் குடித்தார். கண்ணை மூடி, "தெற்குச் சரிவு. மழைக்குப் பிறகு பறித்தது. ஆஹா, தோல் வாசம்" என்றாராம். சபையே எழுந்து நின்றதாம். ஊர்ச் சங்கத்தில் என் கணவருக்கென்று ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தனுப்பினார்கள், ஒயினைக் கண்ணாகக் காத்ததற்கு. இதோ, சர்க்கரை வைத்திருக்கிறேனே, அதுதான்.

அந்தக் கிண்ணத்தைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. ஏற்கெனவே பிராயச்சித்தமென்று காபியை விட்டுவிட்டார். அவர் டம்ளரையும் சேர்த்து நானேதான் குடிக்கிறேன். ராத்திரியில் எழுந்து சுவிட்சுகளைத் தடவிப் பார்க்கிறார். கிண்ணம் வந்த மறுநாள் உங்களிடம் வந்துவிட்டார்.

அவரை விட்டுவிடுங்கள், சார். அவர் எதையும் அணைக்கவில்லை.

சாவி கொடுக்க வந்த அன்று கார்னியேக்கு நான் காபி கொடுத்தேன். கும்பகோணத்திலிருந்து புதிதாக வந்த பீபெரி, முதல் டிகாஷன். முகர்ந்தார். ஒரு வாய் வைத்து, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டி, என் ஸிங்க்கில் துப்பினார். "சுவாரசியமாக இருக்கிறது, மேடம்" என்றார்.

அவர் போனதும் இவர் எனக்கு விளக்கினார். "அவா ஊர்ல அது மரியாதைடி. உசத்தி சரக்கைத்தான் அப்படி உருட்டிப் பார்த்துத் துப்புவா. சுமாரானதைப் பேசாம முழுங்கிடுவா."

எனக்கு நன்றாகவே புரிந்தது. மறுநாள் முதல் தடவையாகச் செடிக்குத் தண்ணீர் விடப் போனோம். அறையில் ஏசி ஓடுகிறதா என்று இவர் ஒரு நடை பார்த்துவிட்டு வந்து, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே திரும்பிப் போய் அணைத்தேன். அது மரியாதைதான் என்று தெரிந்த பிறகுதான் அணைத்தேன். ஆகவே அதில் கோபம் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

டம்ளரைக் கொடுங்கள். பாதிதான் குடித்திருக்கிறீர்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று முதல் வாயிலேயே சொன்னீர்கள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

அடுத்த மாதம் நீங்கள் லீவில் ஊருக்குப் போகிறீர்களாமே. வீட்டுச் சாவியை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போங்கள், சார்.