ஆற்றங்கரையில் தும்மியது யார்?

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தச் சபையின் போதகராகவும், பதினோரு ஆண்டுகளாக என் மாமனாராகவும் பொறுமைக்குப் பெயர் போன தலைவர் அவர்களே! கையில் மணியை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! முன் வரிசை நாற்காலிகளை மாலை மூன்று மணிக்கே வந்து பிடித்துவிட்ட பெரியோர்களே! வீட்டு வேலையை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களில் மூன்றாவது வரிசையில் அமர்ந்து, 'இந்த மனுஷன் என்னத்த உளறப் போறாரோ' என்று இப்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கும் என் பிள்ளைகளின் தாயே! உங்கள் அனைவரையும் மருந்தகத்துக் கம்பவுண்டராகிய நான் வணங்குகிறேன்.

சற்று முன் செயலாளர் ஒரு தீர்மானம் வாசித்தார். போதகர் ஐயாவுக்கு வயதாகிவிட்டது, ஓய்வு கொடுக்கலாம். அக்கரை மக்களிடம் இரண்டாவது பயணம் போகலாம். முப்பது பேர் போகலாம். ஜெனரேட்டரும் நான்கு ஒலிபெருக்கியும் எடுத்துப் போகலாம். தலைமை தாங்கக் கம்பவுண்டரை நியமிக்கலாம். வாசித்து முடித்ததும் எப்படித் தட்டினீர்கள்! மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியே ஒரு நிமிடம் நின்று கேட்டது. என் மாமனாரும் தட்டினார். நீங்கள் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். என் ஏற்புரை முடிந்ததும் கை தூக்கச் சொல்வார்களாம். ஆகவே ஏற்புரை ஆற்ற வந்திருக்கிறேன். ஏழு நிமிடமாம். ஏழு நிமிடத்தில் நான் மூக்கடைப்புக்கு மருந்து சொல்லிவிடுவேன், மனதில் உள்ளதைச் சொல்ல முடியுமா?

யார் இந்த அக்கரை மக்கள்? கடைசிப் படகுத்துறையிலிருந்து இரண்டு நாள் ஆற்றோடு போக வேண்டும். காடு கறுத்துக் கிடக்கும், கரை வழுக்கிக் கிடக்கும், கொசு கூட்டம் போட்டுக் கிடக்கும். அங்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் அறுபது பேரோ எழுபது பேரோ வாழ்கிறார்கள். அவர்கள் ஊருக்குள் வெளியாள் ஒருவரும் போனதில்லை. தேன் வியாபாரி ஒருவர் மட்டும் கரைப் பாறையில் கத்தியும் துணியும் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு தேனை வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த மக்களைப் பார்க்க வேண்டும், ஆண்டவருடைய அன்பை அவர்களிடம் சொல்ல வேண்டும் என்பது நம் ஐயாவின் வாழ்நாள் ஏக்கம். ஏக்கம் என்றால் எப்படிப்பட்ட ஏக்கம்? என் கல்யாணத்தன்று எனக்காக அரை நிமிடம் ஜெபித்தார். அக்கரை மக்களுக்காக இருபது நிமிடம் ஜெபித்தார்! பந்தியில் சாப்பாடு ஆறிப் போனது. என்ன அம்மா சிரிக்கிறீர்கள்? நீங்களும் அந்தப் பந்தியில் இருந்தவர்தானே!

போன வருடம் அந்தப் பயணம் கைகூடியது. ஒன்பது பேர், பதினோரு பெட்டி. ஒரு பெட்டி முழுக்கச் செயலாளர் அன்போடு கொடுத்த சட்டைகள். எந்த மனிதனுக்கும் பொருந்தாத அளவில் அத்தனை சட்டைகளை எங்கேதான் பிடித்தாரோ தெரியவில்லை! மணியைத் தொடாதீர்கள் ஐயா, உங்களைப் புகழ்ந்துதான் பேசுகிறேன்.

புறப்படும் முன்பே நான் ஒரு சட்டம் போட்டேன். அக்கரை மக்களின் உடம்புக்கு நம் சளி பழக்கமில்லை, நம் இருமல் பழக்கமில்லை. நமக்கு மூன்று நாள் மூக்கொழுகல் என்றால் அவர்களுக்கு அது மூன்று குடிசை காலி. ஆகவே படகுத்துறையிலேயே பதினான்கு நாள் தங்க வேண்டும். தினம் காலையில் நான் எல்லோரையும் சோதிப்பேன். ஒரு செருமல் கேட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சோதனை என்றால் சோதனை! ஒரு கையில் டார்ச் விளக்கு, ஒரு கையில் கரண்டிக் காம்பு. "வாயத் திற. நாக்க நீட்டு. ஆ சொல்லு." இரண்டாம் நாள் சமையல்காரர் ஒரே ஒரு தடவை இருமினார்.

"ஐயோ, அடுப்புப் புகைங்க!" என்றார்.

"புகையோ பகையோ, கெளம்புங்க" என்றேன்.

ஐந்தாம் நாள் பாடகர் போனார். பாட்டுக்கு முன்னால் தொண்டையைச் செருமினாராம், அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். பத்தாம் நாள் முடிவதற்குள் இன்னும் மூன்று பேர் போனார்கள். மிச்சம் இருந்தது ஐயா, படகோட்டி, தேன் வியாபாரி, நான். சமையல்காரர் போனதால் ஐயா சமைத்தார். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. மனுஷனுக்கு மாமனார் மேல் மரியாதை வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். பெயர், தொண்டை, மூக்கு, காய்ச்சல். தினமும் எல்லோருக்கும் பார்த்துப் பார்த்து 'சரி' போடுவேன். கடைசி வரியில் என் பெயரும் உண்டு. என் தொண்டைக்குள் நானே எப்படி எட்டிப் பார்ப்பது? பார்க்காமலே 'சரி' போட்டுக்கொள்வேன். சிரியுங்கள், சிரியுங்கள். இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்தாம் நாள் புறப்பட்டு, இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தோம். தேன் வியாபாரி சொன்னார், "கரையில உக்காருங்க. கூப்புடாதீங்க, கை ஆட்டாதீங்க. அவங்களுக்கு நம்மளப் புடிச்சா தெப்பம் அனுப்புவாங்க. புடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிடணும்." மூன்று நாள் உட்கார்ந்தோம். எங்கள் ஐயா, ஒலிபெருக்கி இல்லாமலே அடுத்த தெருவுக்கும் சேர்த்துப் பிரசங்கம் செய்கிறவர், மூன்று நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்தார்! அற்புதங்களை நம்பாதவர்கள் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால் அன்றைக்கு அங்கே வந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் காலையில் மறு கரையில் ஏழு பேர் வந்து நின்றார்கள். ஒரு பெண்மணி இடுப்பில் குழந்தையோடு நின்றார். வெறும் தெப்பம் ஒன்று எங்களை நோக்கி வந்தது. அதில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர்கள் கையில். ஐயாவின் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். படகோட்டியும் வியாபாரியும் பின்னால் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஐயா கோட்டுப் பொத்தானைப் போட்டார், வலது காலைத் தூக்கினார், தெப்பத்தில் வைத்தார்.

அப்போது கேட்டது ஒரு தும்மல்! சாதாரணத் தும்மலா அது? ஆற்றுக்கு இந்தப் பக்கத்துப் பறவை எல்லாம் அந்தப் பக்கம் போயின, அந்தப் பக்கத்துப் பறவை எல்லாம் இந்தப் பக்கம் வந்தன!

மறு கரையில் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு! ஐயாவின் வலது கால் தெப்பத்தோடு போகிறது, இடது கால் கரையோடு நிற்கிறது, நடுவில் ஐயா நீண்டுகொண்டே இருக்கிறார். எவ்வளவு நேரம்தான் நீள்வார்? தொபுக்கடீர்! இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று, கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, மறு கையால் நெஞ்சைத் தட்டி, "நான்தான்! நான்தான்!" என்று மறு கரைக்குச் சைகை காட்டினார். சத்தம் கேட்டு ஓடி வந்த படகோட்டி கண்டது அந்தக் காட்சியைத்தான்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நாங்கள் மூட்டையைக் கட்டினோம். வியாபாரி தடுத்தார். "போகக் கூடாதுங்க! நோவோட வந்தவன உள்ள விடவும் மாட்டாங்க, பட்டினியா அனுப்பவும் மாட்டாங்க. நோவு தீர்ற வரைக்கும் சோறு போடுறது அவங்க வழக்கம்." சொன்னபடியே தினமும் ஆற்றின் மேற்புறமிருந்து மரப்பட்டைத் தட்டு ஒன்று மிதந்து வரும். சுட்ட கிழங்கு, சுட்ட மீன், இலையில் பொதிந்த தேன். தட்டு வரும், திரும்பிப் போகாது. நோவு உள்ளவன் தொட்டதை அவர்கள் தொட மாட்டார்கள். பதினான்கு நாள் டார்ச் அடித்துச் சட்டம் போட்ட கம்பவுண்டருக்கு இது தோன்றியதா? ஊட்டப் போனவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டோம், ஐயா! ஏழு நாளில் ஐயாவின் கோட்டுப் பொத்தான் போட முடியாமல் போய்விட்டது.

திரும்பி வந்தோம். ஐயா அறிக்கை எழுதினார்: 'நான் தும்மியதால் பயணம் தடைப்பட்டது.' ஒரே வரி. அன்றிலிருந்து அவருக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? தும்மல் ஐயா! கடைத்தெருவில் யார் தும்மினாலும், "தெப்பத்த இழுடா!" என்று சத்தம். போன மாதம் ஆராதனையில் அவர் மூக்கைத் துடைத்தார், பின்வரிசை முழுதும் குலுங்கியது. அவர் சிரித்துக்கொண்டே போனார். இன்றைக்கு அந்தத் தும்மலுக்காகவே ஓய்வும் கொடுக்கிறீர்கள்.

இருங்கள் செயலாளர் அவர்களே, மணி அடித்தாலும் நிறுத்தமாட்டேன். அன்று அந்தக் கரையில் தும்மியது யார்?

தும்மியது நான்.

ஆமாம்! உங்கள் கம்பவுண்டர்! கரண்டிக் காம்பும் டார்ச் விளக்குமாக ஐந்து பேரை விரட்டினேனே, அதே நான்! கரையில் உட்கார்ந்த இரண்டாம் நாளே என் மூக்கு அரித்தது. மூன்றாம் நாள் தொண்டை கரகரத்தது. சொன்னேனா? சொல்லவில்லை. சொன்னால் என்னையும் அனுப்பிவிடுவார்களே! நோட்டுப் புத்தகத்தில் 'சரி' என்று எழுதினேன். ஊரார் தொண்டையை எல்லாம் பார்த்தேன், என் தொண்டையைப் பார்க்க ஆள் இல்லை. நான் தும்மிய மறுநொடி தண்ணீரில் விழுந்தவர், என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். உடனே கைக்குட்டையைத் தன் மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு தும்மல் போட்டார் பாருங்கள், அப்படி ஒரு பொய்த் தும்மலை என் வாழ்நாளில் கேட்டதில்லை! நடிப்பு அவருக்கு வராது.

யார் அது, "பொய்"னு கத்துறது? தம்பி, ஒரு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததுதான் பொய். உட்காருங்கள்.

எட்டாம் நாள் என் சளி நின்றது. தெப்பம் மறுபடியும் வந்தது. வெறும் தெப்பம்! வாருங்கள் என்று அழைக்கிற தெப்பம்! எனக்கு மனம் தாங்கவில்லை.

"மாமா, நான் இங்கயே இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க. உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றேன்.

அவர் தெப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரே கூடாரத்துல எட்டு நாள் உன் பக்கத்துல படுத்திருக்கேன் மாப்பிள்ள. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு நோட்டுல எழுதிக் குடு, போறேன்" என்றார்.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். பென்சிலை எடுத்தேன். அத்தனை நாள் அத்தனை 'சரி' எழுதிய கை அது. அன்றைக்கு எழுத வரவில்லை. அந்தப் பெண்மணி இடுப்புக் குழந்தையோடு மறு கரையில் நின்றுகொண்டிருந்தார். ஐயா நீளமான கழி ஒன்றை எடுத்தார், வாழ்நாளெல்லாம் தான் காத்திருந்த தெப்பத்தைத் தன் கையாலேயே திருப்பித் தள்ளிவிட்டார். அது அக்கரை போய்ச் சேரும்வரை நின்று பார்த்தார். நான் அழுதேன். இப்போதும் அழுகிறேன், அதனால் என்ன?

படகில் வரும்போது கேட்டேன், "ஏன் மாமா பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"என் பேர் கெட்டா சிரிப்பாங்க, அவ்வளவுதான். உன் பேர் கெட்டா நாளைக்கு உன்ன நம்பி யாருப்பா புள்ளைக்கு மருந்து வாங்குவா?"

தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளுக்காக ஒரு வருடம் கேலி சுமந்தவர் இதோ உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கம்பவுண்டரிடம் மருந்து வாங்குவதா வேண்டாமா என்பதை நாளைக் காலையில் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். கதவு திறந்திருக்கும். வாசலிலேயே என் தொண்டையை நீங்கள் சோதித்துவிட்டு உள்ளே வரலாம், டார்ச் நானே தருகிறேன்.

ஆனால் முப்பது பேரும் நான்கு ஒலிபெருக்கியுமாக அந்தக் கரைக்குப் போகும் பயணத்துக்கு நான் தலைமை தாங்கமாட்டேன். ஒருவனுடைய ஒரு தும்மலை ஐயா தன் மேல் போட்டுக்கொண்டார். முப்பது பேர் தும்மினால் யார் போட்டுக்கொள்வது? அன்பைச் சொல்லப் போகிறோம் என்றால், அன்பாக இருப்பது எப்படி என்று தெரிந்த ஒருவர் நமக்குத் தலைவராக இருக்கிறார். அவருக்கா ஓய்வு? கை தூக்கச் சொல்வார்களே, அப்போது ஒரு கையும் தூக்காதீர்கள். கீழே வையுங்கள், தலைவரே, நீங்கள் எதற்குக் கை தூக்குகிறீர்கள்? உங்களுக்கு எதிரான தீர்மானத்துக்கு நீங்களே கை தூக்குவீர்கள், எனக்குத் தெரியாதா!

செயலாளர் அவர்களே, மணி அடிக்க மறந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கு நன்றி. மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து நிற்கிறார். வீட்டுக்குப் போனால் எனக்கு என்ன காத்திருக்கிறது என்பது அந்த நிற்பிலேயே தெரிகிறது, அதையும் வாங்கிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. அன்றைக்குப் படகில் ஐயா ஒரு பொருளை என் மடியில் போட்டார். ஒரு வருடமாகத் துவைத்து, தேய்த்து, மடித்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். கொடுக்க எனக்கு முகம் இல்லை. இந்தாங்க மாமா, உங்க கைக்குட்டை. கண்ணத் தொடச்சுக்கோங்க.

எல்லோருக்கும் வணக்கம்.