மணப்பெண்ணின் டிரம்ஸ்

மனைவி மறைந்த பிறகு, பேருந்தில் ஜன்னலோர இருக்கை எனக்கே வாய்த்துவிடுகிறது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் செல்லும் வழியில், முன்னிருக்கையில் இரண்டு இளம்பெண்கள் அமர்ந்திருந்தனர். ஒருத்தியின் மடியில் கிட்டார் இருந்தது.

“உன் கல்யாண டின்னருக்கு நீயே டிரம்ஸ் அடிக்கணும்டி,” என்றாள் கிட்டார்க்காரி. “உன் மாப்பிள்ளை நம்ம பேண்டையே புக் பண்ணிட்டாரு.”

“பட்டுச்சேலையிலயா? பைத்தியமா உனக்கு?”

“பின்ன? பொண்ணுங்க பேண்டுன்னுதான் இப்ப எல்லா ஊர்லயும் கூப்பிடுறாங்க. டிரம்ஸ்ல ஆம்பளைய உட்கார வச்சா பேரு போச்சு லா.”

“மாமியார் என்னை டைப்பிஸ்ட்னு மட்டும்தான் சொந்தக்காரங்ககிட்ட சொல்லியிருக்காங்க.”

“அப்ப கல்யாணத்துக்கு அப்புறம் நீ வரமாட்டே. நேரா சொல்லிடு. வேற பொண்ணைத் தேடுறோம்.”

மணப்பெண்ணின் விரல்கள் இருக்கைக் கம்பியில் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. பெட்டாலிங் ஜெயா நெருங்கியபோது தோழியின் பக்கம் திரும்பினாள்.

“யாரையும் தேடாதே. கேக் வெட்டினதும் வந்து உட்காருறேன்.”

“மாமியார் எழுந்து போயிட்டாங்கன்னா?”

“பாட்ட முடிச்சிட்டுப் போய்க் கூட்டிட்டு வரேன்.”