பொன்னுத்தாயின் இடது கண்

மன்னார்புரம் முக்கில் விற்கும் வெள்ளரிப்பிஞ்சில் உப்பு எப்போதும் கூடுதல்தான், மேடம். பொன்னுத்தாய் அக்காவுக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்கும். ஸ்கேன் முடிந்ததும் இருவரும் அங்கே நின்று தின்போம்.

பக்கத்துக் கண் ஆஸ்பத்திரியில் விழித்திரை ஸ்கேன் எடுப்பது என் வேலை. வலி கிடையாது, கண்ணைத் தொடுவதுகூடக் கிடையாது. முகவாயை மெஷினில் வைத்துப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தால் போதும். விழித்திரையில் நீர் கோத்து வீங்கியிருந்தால் படத்தில் மேடாகத் தெரியும். டாக்டர் படத்தைப் பார்த்துத்தான் கண்ணுக்கு ஊசி போடுவார்.

அக்கா திருவெறும்பூரிலிருந்து தனியாக வருவார். சர்க்கரையால் வலது கண் முன்பே போய்விட்டது. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் பேச ஆள் இல்லை. "சாப்பிட்டியா வள்ளி?" என்று அவரைத் தவிர யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஊசியில் இடது கண் வீக்கம் வற்றத் தொடங்கியது. "கண்ணு தெளிஞ்சதும் மக பானுப்ரியாகூட பூனாவுக்கே போயிடுறேன். நீ நல்லாருக்கணும் வள்ளி," என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் வீக்கம் திரும்பியிருந்தது. இன்னும் சில ஊசிகளில் சரியாகியிருக்கும். நான் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, அவர் பெயரில் என் இடது கண்ணைப் படம் எடுத்தேன். இப்போதைய மெஷின், பட்டனைத் தட்டினால் தானே எடுத்துக்கொள்ளும்.

"வீக்கமே இல்லம்மா. ஊசி வேணாம். பார்வை மெதுவாத்தான் வரும், மாசாமாசம் வந்து காட்டுங்க," என்றார் டாக்டர். மாதாமாதம் வந்தார். நானும் மாதாமாதம் என் கண்ணைக் கொடுத்தேன். பார்வை குறைந்தபோது, சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார்கள்.

முதலில் படிக்கட்டு தெரியாமல் போனது. பிறகு என் முகம். பஸ் ஏற முடியாத நிலையில் என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். பானுப்ரியா போனில் கூப்பிட்டபோது, "கண்ணு தெரியாம உனக்குப் பாரமா வர மாட்டேன்," என்று அக்காவேதான் சொன்னார். நான் போனை அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

புதிதாக வந்த டாக்டர் அனிஷா படத்தை ஒதுக்கிவிட்டு, விளக்கடித்துக் கண்ணையே பார்த்துவிட்டார். அது படத்தில் இருந்த கண் இல்லை என்று தெரிந்துதான் நீங்கள் என்னை விசாரிக்கிறீர்கள். இனி ஊசி போட்டும் பலனில்லையாம்.

பார்வை இனி வராது என்பதை அக்காவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லும்போது அவர் கை பிடிமானம் தேடும். அப்போது மட்டும் என்னைப் பக்கத்தில் இருக்க விடுங்கள், மேடம். பாவம், அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?