மாமன் பேரில் வாங்கிய வண்டி

வீரலட்சுமி, வயது 24, த/பெ. பெத்தன், அம்மன் கோவில் தெரு, மானகிரி, காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம். தொழில் கார் ஓட்டுநர். என் அத்தை மீனம்மாள் கொடுத்த புகார் மனு தொடர்பாக இன்று காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, உதவி ஆய்வாளர் விசாரிக்க, நான் சொல்லும் விவரம்:

நான் மேற்கண்ட முகவரியில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, லைசென்ஸ் எடுத்த பிறகு காரைக்குடியில் ஒரு டிராவல்ஸில் சம்பளத்துக்கு வண்டி ஓட்டி வந்தேன். அப்போது பள்ளத்தூரில் தங்கள் பழைய வீட்டை ஹோட்டலாக நடத்தி வரும் கண்ணம்மை ஆச்சி என்பவர், அங்கு தங்க வரும் பெண்கள் பெண் டிரைவர்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள், உனக்குச் சொந்தமாக வண்டி இருந்தால் எல்லா டிரிப்பும் உனக்கே தருகிறேன் என்றார். அதன் பிறகு நான் கார் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன்.

வங்கி அதிகாரி என் ஆதாரையும் பான் கார்டையும் வாங்கி கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, என் பெயரில் சிபில் ஸ்கோர் எதுவும் காட்டவில்லை, நீங்கள் இதுவரை கடனே வாங்கியதில்லை, அதனால் தர முடியாது என்றார். என் தகப்பனார் மளிகைக் கடையில்கூடப் பற்று வைக்காதவர். யாருக்கும் பாக்கி இல்லை என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அங்கே அதுவே குற்றமாகப் போயிற்று. எனக்குக் கோபம் வந்து, "நீச்சல் தெரிஞ்சாத்தான் கிணத்துல எறங்கணும்னா எங்குட்டுப் போயி சார் நீச்சல் படிக்கிறது?" என்று கேட்டேன். அவர் சிரித்தாரே தவிர கடன் தரவில்லை. அதன் பிறகு தனியார் பைனான்ஸ் ஒன்றில் கேட்டதற்கு, பாதி விலையை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லி, வட்டியும் கந்துவட்டிக்கு அண்ணன் என்கிற மாதிரி சொன்னார்கள்.

இது விவரம் தெரிந்து என் தாயாரின் தம்பியும் மேற்படி மீனம்மாளின் கணவருமான முத்தழகு, ஒக்கூரில் இருப்பவர், மானகிரிக்கு வந்தார். அவர் மினி லாரி வைத்துச் செங்கல் ஏற்றி வந்தவர், அந்த லாரிக் கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்தவர். அதனால் அதே பைனான்ஸில் அவர் பெயருக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்தது. "மாமன்னு ஒருத்தன் எதுக்குத்தா இருக்கேன்? என் பேருல எடுத்து ஓட்டு" என்று சொன்னார். முன்பணம் என் தாயாரின் செயினை அடகு வைத்து நான் கொடுத்தது. ஆர்.சி. புத்தகம், கடன், இன்சூரன்ஸ் எல்லாம் மாமா பெயரில் ஆனது. கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை அடைக்கும் இன்சூரன்ஸ் என்று ஒன்றையும் சேர்த்தார்கள். எதற்கு இந்தத் தண்டச் செலவு என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் நான்தான் கட்டினேன்.

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் மாதா மாதம் தவணைப் பணத்தை மாமா கையில் ரொக்கமாகக் கொடுத்து வந்தேன், அவர் தன் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார், அதிலிருந்து பைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஏன் போனில் அனுப்பவில்லை என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, மாமா வைத்திருந்தது பட்டன் போன் என்றும், சொந்த மாமனிடம் ரசீது கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை என்றும் சொன்னேன்.

இந்த வருடம் தை மாதம் மாமா நெஞ்சுவலியில் இறந்துபோனார். கருமாதி அன்று ஒக்கூருக்குச் சமையல் பாத்திரம், வாழை இலை, சொந்தக்காரர்கள் எல்லாரையும் இந்த வண்டியில்தான் ஏற்றி இறக்கினேன். மாமா மகன் அபிக்கு வாரிசு என்று தலையில் உருமா கட்டி முடிந்ததும், பங்காளிகளில் மூத்தவரான அழகுராஜா என்பவர் எங்கள் வழக்கப்படி சபையில் எழுந்து, "முத்தழகுகிட்ட யாருக்காச்சும் குடுக்கல் வாங்கல் இருந்தா இப்பவே சொல்லிருங்க. பெறகு வந்து சொன்னா சபை பொறுப்பில்ல" என்றார். டயர் கடைக்காரர் ஒருவர் தனக்கு வர வேண்டியதைச் சொன்னார். சூளைக்காரர் தான் மாமாவுக்குத் தர வேண்டியதைச் சொன்னார். நான் பெண்கள் பக்கம் அத்தைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அத்தை கழுத்து வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் வண்டிப் பேச்சு எடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. மேலும் மாமா எனக்குக் கடன் பாக்கி எதுவும் வைக்கவில்லை, வண்டி என்னுடையது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றும் நினைத்தேன். அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் தவணை கட்ட பைனான்ஸ் அலுவலகத்துக்குப் போனபோது, இன்சூரன்ஸ் வந்து கடன் முடிந்துவிட்டது, பேப்பர்களை வாரிசிடம் தருவோம் என்றார்கள். நான் சந்தோஷத்தில் நேரே ஒக்கூர் போய் அத்தையிடம் சொன்னேன். அத்தை அழுதுகொண்டே, "போயும் ஒனக்குச் செஞ்சுட்டுப் போயிருக்காருடி ஒங்க மாமா" என்று சொன்னது உண்மை.

அதன் பிறகு அபிக்கு சிங்கப்பூரில் வேலைக்கு ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டி வந்தது. மினி லாரியை ஏற்கெனவே மாமாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றுவிட்டார்கள். விற்பதற்கு இந்தக் கார் மட்டும்தான் மாமா பெயரில் மிச்சம் இருந்தது. அழகுராஜாவும் அத்தையும் மானகிரிக்கு வந்து, காருக்கு ஆள் பார்த்து அட்வான்ஸ் வாங்கியாயிற்று என்று சாவி கேட்டார்கள். நான் தவணை கட்டியது முழுவதையும் சொன்னேன். அதற்கு அழகுராஜா, "சபையில கேட்டப்ப ஒனக்கு வாய் இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். அத்தனை பேர் நடுவில் நான் காத்த மரியாதையை எனக்கு எதிராகவே திருப்பினார்கள். சாவி தர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆனாலும் அபி போகாமல் நின்றுவிடக்கூடாது என்று, அந்த விலையை நானே கொடுத்து என் வண்டியை வாங்கிக்கொள்ளலாம் என முடிவு செய்து, மறுபடி அதே வங்கிக்குப் போனேன். இத்தனை தவணையும் தவறாமல் கட்டியிருக்கிறேன் என்றேன். அதிகாரி பார்த்துவிட்டு என் பெயரில் இன்னமும் எதுவும் காட்டவில்லை என்றார். மாமா பெயரில் எடுத்த கடன் என்று விவரம் சொன்னதற்கு, கட்டிய பேரெல்லாம் உங்கள் மாமாவுக்குத்தான் சேரும், அவரை அழைத்து வாருங்கள், உடனே கடன் தரலாம் என்றார். அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு அத்தை, தன் கணவரின் காரை நான் பிடித்து வைத்திருப்பதாக இந்த மனுவைக் கொடுத்துள்ளார். இன்று அத்தை, அபி, அழகுராஜா மூவரையும் எனக்கு எதிரில் வைத்து விசாரித்தார்கள். தவணை கட்டியது யார் என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு அத்தை, "அவதாங்கய்யா கட்டுனா. நான் இல்லைங்கல. ஆனா எம்புள்ள போகணும்ல" என்று சொன்னார். அவர் அப்படி மறைக்காமல் சொன்ன பிறகு எனக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று. யார் பெயரில் இருக்கிறதோ வண்டி அவர்களுடையது, வாரிசிடம் ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் சிவில் கோர்ட்டில் பார்த்துக்கொள் என்று உதவி ஆய்வாளர் தெரிவித்தார். கோர்ட்டுக்குப் போக என்னிடம் காசும் இல்லை, காட்ட ஒரு காகிதமும் இல்லை. வேறு வழி தெரியாததால் சம்மதித்தேன். நாளைக் காலை டிரிப்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி கண்ணம்மை ஆச்சிக்கு இங்கிருந்தே போன் செய்துவிட்டேன்.

சாவியை மேஜையில் வைத்த பிறகு, வண்டியை ஒக்கூருக்கு யார் ஓட்டிப் போவது என்ற பேச்சு வந்தது. அபிக்கு லைசென்ஸ் கிடையாது. அழகுராஜா பைக்கில் வந்திருந்தார். டிரைவர் ஒருவரை அழைக்கலாம் என்று அவர் சொன்னபோது அத்தை என்னைப் பார்த்து, "நீயே கொண்டாந்து விட்ருத்தா. வேற யாரு ஓட்டுனாலும் எனக்குக் கொமட்டுது" என்றார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. சரி என்றேன்.

அதன்படி அத்தையையும் அபியையும் ஏற்றிக்கொண்டு இன்றே ஒக்கூர் போய், வண்டியை அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை அத்தை கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்புவேன் என்று உறுதி கூறுகிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது. யாருடைய தூண்டுதலும் இல்லை, சொன்ன அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
பெ. வீரலட்சுமி