கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு சாமான்

உரும்பிராய்ச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வரிசை. மனேச்சருக்குக் கதவைத் திறக்கும் எண்ணமே இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி, எனக்குப் பின்னால் நின்ற, பழம்பொருள்கள் வைக்கும் நூதனசாலையின் காவலாளியிடம் சொன்னாள்:

"அண்ணை, நாளைக்கு வாறன். என்ரை திரிகையைத் திருப்பித் தாங்கோ."

"பிள்ளை, அது புதுக் கட்டடத்துக்கெண்டு நீயாத் தந்த சாமானெல்லோ? 'அந்தக் காலத்துத் திரிகை' எண்டு மட்டையும் எழுதி ஒட்டியாச்சு."

"மட்டையை நீங்கள் வைச்சிருங்கோ. கரண்ட் நிண்டு எத்தினை வருசம், இப்ப மில்லும் ஓடுதில்லை. குரக்கனை நான் என்ன, பல்லாலையோ அரைக்கிறது?"

"எல்லாரும் உப்பிடித்தான். போன கிழமை ஒராள், பெற்றோல் இல்லையெண்டு, தான் தந்த மாட்டுவண்டிலைப் பூட்டிக்கொண்டு போட்டார். தந்த விளக்குகளையும் சனம் திருப்பி எடுத்துக்கொண்டு போட்டுது. சண்டையெண்டு அரசாங்கம் சீமெந்தும் வர விடுதில்லை, கட்டடம் பூசாமல் நிக்குது. அதுக்குள்ளை இப்ப நானும் வெறும் கண்ணாடிப் பெட்டியளும்தான்."

"அப்ப நீங்களே ஒண்டுக்குள்ளை ஏறி இருங்கோவன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பகிடி விடாதை பிள்ளை. திறப்புவிழாவுக்கு வாற சனத்துக்கு நான் எதைக் காட்டுறது?"

அவள் மண்ணெண்ணெய்க் கானைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"எங்கடை வீட்டிலை ஒரு பல்ப் தொங்குது. கழட்டிக்கொண்டு வாறன், வையுங்கோ. என்ரை மகளுக்கு அஞ்சு வயசு. உது என்னத்துக்குத் தொங்குதெண்டு நேற்றும் கேட்டவள்."