பாதி மிட்டாய்

— பாதி மிட்டாய் தின்னேன்னு சொல்லிட்டேன், அண்ணா.

— அடிப்பாவி! பொய் கண்டுபிடிக்கிற மெஷின்ல உக்காந்துகிட்டேவா?

— பின்ன? நெஞ்சைச் சுத்திப் பட்டை, கையில பட்டை, விரல்ல கிளிப்பு. மூச்சு விடக்கூட பயம். போதைப்பொருள் எதையும் தொட்டதே இல்லன்னு விண்ணப்பத்துல நீ சொன்னபடிதான் எழுதினேன். அந்தக் கேள்வி வந்ததும் குப்புன்னு வேர்த்துக் கொட்டிடுச்சு.

— சரி விடு. முதல்ல இதைத் தின்னு. நண்டு சாண்ட்விச், ஆறிடப் போகுது.

— சாண்ட்விச் கிடக்கட்டும். எனக்கு வேலை கொடுப்பாங்களா மாட்டாங்களா, அதைச் சொல்லு!

— கத்தாத. பக்கத்து வண்டியில இருக்கிறவன் எங்க ஆபீஸ்காரன். கண்ணாடியை ஏத்து.

— உசிரைக் கொடுத்து பாரசீகம் படிச்சேன் வெண்டல் அண்ணா. ஒஹையோவுல வாத்தியார் வேலையை விட்டுட்டு, குழந்தையைத் தூக்கிட்டு இந்த மேரிலாண்டுக்கு வந்து உன் வீட்டுக் கீழ்த்தளத்துல கிடக்கேன். உங்க உளவுத்துறையில இந்த மொழிபெயர்ப்பு வேலை கைநழுவிச்சுன்னா நடுத்தெருதான்.

— பாதி மிட்டாய்க்கு யாரும் தூக்குல போட மாட்டான். தின்னதை மறைச்சே பாரு, அதான் வம்பு.

— மறைக்கச் சொன்ன மகராசன் யாரு?

— சரி விடுன்னு சொல்றேன்ல. அப்புறம் என்ன கேட்டான்?

— யாரு வாங்கிக் கொடுத்தாங்கன்னு.

— நீ?

— தெரியாதுன்னேன். திரும்பவும் கேட்டான். திரும்பவும் தெரியாதுன்னேன். அந்த ஆளு சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. நாளைக்கு வாங்க, இன்னொரு தடவை உக்காரலாம்னுட்டான்.

— என் பேரை எடுக்கலையே?

— எடுப்பேனா? அம்மாவுக்காக மிச்சிகன் வரைக்கும் வண்டி ஓட்டிட்டுப் போய் அந்தக் கஞ்சா மிட்டாயை வாங்கிட்டு வந்தவன் நீ. கீமோ போட்டுட்டு வந்தா பச்சைத் தண்ணிகூட தங்காது அவளுக்கு. அதைத் தின்ன அன்னைக்குத்தான் ஒரு கிண்ணம் சூப்பு குடிச்சா.

— நோரீனும் தின்னாதான் நான் தின்பேன்னு அடம் பிடிச்சாளே, கிழவி!

— கடிச்சு, மிச்சப் பாதியை என் வாயில திணிச்சா. அதுக்குத்தான் இப்ப செத்துக்கிட்டிருக்கேன்.

— மிச்சிகன்ல கடை போட்டு, பில் போட்டு விக்கிறான். அந்த ஊர்ல அது சரி, எங்க மத்திய அரசு ஆபீஸுக்கு அது குத்தம். இத்தனை வருஷம் அங்க குப்பை கொட்டுற எனக்கே அன்னைக்குப் புத்தி வேலை செய்யல.

— நீயே போய் உங்க அதிகாரிகிட்ட சொல்லிடேன், அண்ணா. பெத்தவளுக்குச் செஞ்சதுதானே?

— விளையாடுறியா? ரகசிய வேலைக்கான என் பாதுகாப்பு அனுமதியைப் பிடுங்கினா, அன்னைக்கே கதவுக்கு வெளிய நிப்பேன். பசங்க படிப்பு, டெல்ஃபினாவோட இன்சுலின், எல்லாம் இந்த வேலையை நம்பித்தான் ஓடுது. கட்டினவளை மருந்தில்லாம சாக விடவா?

— அப்ப நாளைக்கு நான் என்னதான் சொல்லித் தொலைக்க?

— நீதான் வாங்கினேன்னு சொல்லு.

— என்னது?

— நீ புதுசு. அனுமதிக்கு எழுதிப் போடுறதுக்கு முன்னாடி செஞ்ச தப்பு. உன்னை ஒருவேளை மன்னிப்பாங்க. அனுமதியைக் கையில வச்சுக்கிட்டே வாங்கின என்னை மன்னிக்கவே மாட்டாங்க. கெஞ்சிக் கேக்குறேன் நோரீன், கால்ல வேணா விழறேன்.

— வண்டிக்குள்ள எங்க விழுவ? அழாத, கண்ணைத் துடை... சரி, நான்தான் வாங்கினேன்னு சொல்றேன். நீ இல்லன்னா அம்மா பட்டினி கிடந்தே போயிருப்பா.

— நிஜமா சொல்லுவியா?

— சொல்றேன்னுட்டேன்ல. ஒண்ணுதான் அண்ணா எனக்குப் புரியல. முதல்ல நான் இல்லவே இல்லன்னுதான் சாதிச்சேன். அந்த ஆளு எழுந்து வெளிய போனான். திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, அம்மாவுக்குக் கொடுத்த மிட்டாயை மறந்துட்டீங்களான்னான். அப்பதான் நான் உடைஞ்சு போனேன்.

— அம்மா தவறினது விண்ணப்பத்துலயே இருக்குமே.

— தவறினது இருக்கும். மிட்டாய் இருக்குமா? உன்னையும் என்னையும் விட்டா அது யாருக்குத் தெரியும்? அண்ணா... ஏன் வண்டியைக் கிளப்புற? என் மூஞ்சியைப் பாரு.

— சில வருஷத்துக்கு ஒருதரம் எங்களையும் அந்த மெஷின்ல உக்கார வைப்பாங்க, நோரீன். போன மாசம் என் முறை. அம்மாவோட மிட்டாய் விஷயம் என் வாயிலருந்து வந்துடுச்சு. யாரு வாங்கினதுன்னு என்கிட்டயும் கேட்டான். உன் பேரைச் சொல்லிட்டேன்.